ஏழாம் மைலில் நிமிர்ந்தவர்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய செல்லக்கண்ணுவுக்குச் சைக்கிள் பந்தயக்காரர்கள் வைத்த பெயர் ‘பாதிவழி’. கோலாலம்பூரில் புறப்பட்டு ஐந்தாம் நாள் சிங்கப்பூரில் முடியும் பந்தயம் அது. வழியிலுள்ள ஊர்களில் கடைக்காரர்கள் சாலைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். அதை முதலில் தாண்டுகிறவருக்கு ஒரு பரிசு உண்டு. பந்தயத்தின் முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செல்லக்கண்ணு குறிவைப்பது அந்தக் கோடுகளைத்தான்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பந்தயத்தை ஜெயிப்பவன் ஒருவன்தான்; மற்ற அறுபது பேரும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டுமா? மேடு ஏறினால் செல்லக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கும். சமதரையில் இருநூறு கஜம் என்றால் அவரை மிஞ்ச ஆளில்லை. கோட்டைத் தாண்டியதும் ஒலிபெருக்கியில் அவர் பெயரோடு, சைக்கிள் கொடுத்த ரவூப் பாயின் கடைப் பெயரையும் சொல்வார்கள். அந்த ஒரு சத்தத்துக்காகவே ரவூப் பாய் அடுத்த வருஷமும் சைக்கிள் தருவார். வீட்டில் மனைவி பூவம்மா சோறு வடிக்கும் பானைகூடக் கோடு தாண்டி வந்ததுதான்.

தாண்டியதும் மிதிப்பதை விட்டு நிமிர்ந்து உட்காருவார். தண்ணீர் குடிப்பார். பின்னால் வரும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார். பதினொரு வருஷப் பழக்கம்.

1961இல் அவருக்கு முப்பத்தாறு வயது. முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது. பந்தயம் பார்க்க ஒருநாளும் வந்திராத பூவம்மாவிடம், “இதான் கடைசி. பந்தயம் முடியுற ஃபேரர் பார்க்ல வந்து நில்லு. ஒரு தடவையாவது மொதல்ல வந்து காட்டுறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினார்.

கடைசி நாள், சிங்கப்பூருக்குள் நுழைந்தபின் புக்கித் தீமா சாலையின் ஏழாம் மைலில் ஒரு கோடு. அதற்கப்புறம் முடிவு வரைக்கும் மேடே கிடையாது. கோட்டைக் கண்டதும் கால்கள் அவரைக் கேட்காமலே பறந்தன. பரிசாக வைத்திருந்த மேசை விசிறி அவருக்குத்தான். வழக்கம்போல நிமிர்ந்தார், தண்ணீர் குடித்தார், கடைக்காரர்களுக்குக் கையசைத்தார். திரும்பிப் பார்த்தால் கூட்டம் வெகுதூரத்தில் இருந்தது. பூவம்மாவுக்குச் சொன்னது மறக்கவில்லை. கூட்டம் வரும்வரை இளைப்பாறிவிட்டு, கடைசியில் அதிலிருந்து பாய்ந்துகொள்ளலாம் என்று நினைத்துக் காத்திருந்தார்.

பாயும்போது முழங்கால் கைவிட்டது. ஒன்பதாவதாக வந்தார்.

முதலில் வந்த லாசரஸ், வயதில் சின்னவன், அவரைத் தேடி வந்தான். “ஏண்ணே நின்னீங்க? உங்கள ஒருத்தரும் துரத்தலையே. நம்ம பாதிவழிதானே, கோடு தாண்டுனா நின்னுடுவாருன்னு பேசாம வந்தோம். அப்படியே போயிருந்தீங்கன்னா யாரு உங்கள பிடிச்சிருப்பா?”

அந்த இடைவெளியைச் செல்லக்கண்ணுவுக்குக் கொடுத்ததே ‘பாதிவழி’ என்ற பெயர்தான். அதைக் கெடுத்ததும் அதே பெயர்தான். யார்மேல் கோபப்படுவது?

விசிறியைத் தூக்கிக்கொண்டு பூவம்மாவிடம் போனார். தீபாவளிக்கு எடுத்த சேலையில், வெயிலில் முகம் சிவந்து நின்றிருந்தாள்.

“வந்துட்டீங்களா? மொத ஆள் வந்தப்ப நல்லாப் பாத்தேன், அது நீங்க இல்ல. அப்புறம் கூட்டம் மறைச்சிருச்சு. நீங்க வந்ததையே நான் பாக்கலங்க.”