மலைமண்ணில் பூத்த உப்பு

மச்சான் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மண் கொண்டுவந்த அன்று சாயங்காலமே, காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் பூனைகள் வந்து உட்கார்ந்தன. ஒன்றும் கத்தவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவும் இல்லை. எல்லாம் எங்கள் ஜன்னலையே பார்த்தன.

மச்சான் என் மனைவியின் தம்பி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் வேலை. இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இந்தக் காற்றை விட்டுப் போனால்தான் தேறுவான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலையில் ஒருவர் சரிவு நிலத்தைக் குத்தகைக்குத் தருகிறேன், தேயிலை போட்டுக்கொள் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆள் தயார். மண் தேயிலைக்கு ஆகுமா என்று சொல்ல வேண்டியவன் நான். பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் ஆயுளில் பாதியைக் கலக்கிக் கழித்தவன் என்பதால் குடும்பத்துக்கு நான்தான் விஞ்ஞானி. விசேஷ வீட்டில் பாயசம் நீர்த்துப்போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"மாமா, நீ ஓகேன்னா ஓகே. வேணாம்னு சொல்லு, இங்கியே இருமிகினு கெடக்கறேன்" என்றான் மச்சான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

தேயிலை புளிப்பான மண் கேட்கும். சுண்ணாம்பும் உப்பும் அதற்கு ஆகவே ஆகாது. மண்ணில் கொஞ்சம் எடுத்து, பேட்டரிக் கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, நிறம் மாறும் தாளை முக்கினேன். தாள் ஆரஞ்சுக்கு வந்தது. சரியான புளிப்பு. மச்சான் பாதி மலை ஏறிவிட்டான் என்றே நினைத்தேன். மீதி மண்ணை ஜன்னலோரம் தாம்பாளத்தில் காயப் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் மண் வெள்ளை பூத்திருந்தது. ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாக விபூதி பூசிக்கொண்டதுபோல. அதைத் தண்ணீரில் கரைத்து, உப்பு கண்டுபிடிக்கக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த மருந்தில் சொட்டு விட்டேன். பாலாகத் திரிந்தது. உப்பேதான். வருஷம் முழுக்க மழை அலசுகிற மலைச்சரிவில் உப்பு எங்கிருந்து வரும்?

மச்சானைக் கேட்டேன். "அந்த எடத்துல முன்னாடி இன்னா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. மேலாண்ட சரிவுல அந்தக் காலத்து எஸ்டேட்காரங்கள பொதைச்சாங்களாம். அது பழைய கதை" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினான்.

அதற்குப் பிறகு என் விஞ்ஞானம் என்னை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டது. எலும்பு, கண்ணீர், வியர்வை என்று உப்புள்ள பொருளெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தாம்பாளத்தை ஜன்னலிலிருந்து அலமாரிப் பக்கம் நகர்த்தினேன். பின்சுவரில் பூனைகளின் தலைகள் ஒன்றாகத் திரும்பின. மறுபடி நகர்த்தினேன். மறுபடி திரும்பின. நடுத்தர வயது மனிதன் ஒருவன் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்ததை மனைவி வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறாள்.

"இன்னாய்யா, ஆரத்தி யாருக்கு?"

"பூனைங்க இன்னாத்தப் பாக்குதுங்க?"

"உன் மூஞ்சியத்தான். பேயறைஞ்ச மாரி கீது. அதுங்களுக்கும் பொழுது போவணுமில்ல."

சனிக்கிழமை இரவு, ஆகாது என்று சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். பக்கத்து அறையில் மச்சானின் இருமல் கேட்டது. முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இருமல் நின்றது. நின்றதுதான் இன்னும் பயமாக இருந்தது. எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை, கோயம்புத்தூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஆய்வகப் பையன் சோதனைத் தாள் கொடுக்க வந்தான். வாசலிலேயே நின்று மூக்கைப் பிடித்தான்.

"சார், ஊட்டுக்குள்ள கருவாடு காயப் போட்டிருக்கீங்ளா?"

"இல்லையே."

"இல்லீங்க சார், பயங்கரமா வருதுங்க." நேராக நடந்துபோய், மண் வந்த கட்டைப்பையைக் காட்டினான். பிறகு காற்றுக்காக வாசலுக்கு ஓடினான்.

கட்டைப்பை என் மனைவியின் அக்காளுடையது. அவள் காசிமேட்டில் கருவாடு விற்கிறாள். மலைக்குப் போகும் அவசரத்தில் மச்சான் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறான். நான் முகர்ந்தேன். மனைவி முகர்ந்தாள். மச்சான் பைக்குள் தலையையே விட்டான். எங்கள் மூவருக்கும் ஒன்றும் வரவில்லை. பூனைகளுக்கு வந்திருக்கிறது.

இருப்பதிலேயே பெரிய கட்டியை உடைத்து, பை தொடாத நடுமண்ணை மட்டும் எடுத்தேன். தாள் அதே ஆரஞ்சு. மருந்தில் விட்டேன். தண்ணீர் தெளிவாகவே நின்றது. விளக்கருகே தூக்கிப் பிடித்தேன். அப்போதும் தெளிவாகவே நின்றது.

"ஆவும்டா" என்றேன். மச்சான் நிலக்காரருக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"எடுத்துக்கறேங்க. அடுத்த வாரமே வந்துடறேன்."

"நல்லதுங்க, வாங்க" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "அங்க என்னங்க அது, உடாம ஊதற மாதிரி ஒரு சத்தம்?"

"சத்தமா? ஒண்ணுமில்லீங்களே."

நான் மின்விசிறியை நிறுத்தினேன். மனைவி குழாயை மூடினாள். மூவரும் அசையாமல் காது கொடுத்தோம். தெரு அமைதியாக இருந்தது.

"இருக்குதுங்க. பேச ஆரம்பிச்சதிலருந்து கேக்குதுங்க" என்றார் அவர்.

மச்சான் என்னைப் பார்த்தான். சும்மா நிற்க முடியாமல் மணலி ஆலைகள் பக்கம் திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினேன்.

"ம், இப்ப நின்னுருச்சுங்க" என்றது போன்.

மச்சான் எழுந்துபோய்த் தன் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தான். அடுத்த வாரம் வரை இருக்கவில்லை, மறுநாளே கிளம்பிவிட்டான். அன்று ஜன்னல் கொக்கியில் வைத்த கையை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.