பல்லுக்குக் கலப்பத்து அடித்தவர்

“வாயத் தொற. இன்னும் தொற. இன்னாடா இது, அரிசி பூர்ற அளவுக்குத்தான் தொறப்பியா?”

கரையில் கவிழ்த்துப் போட்ட தோணியின் நிழலில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு பிள்ளையின் தலையை இறுக்கிப் பிடித்தபடி நீலமேகம் இப்படித்தான் அதட்டுவார். பிள்ளை கத்தும், காலை உதைக்கும். அதையெல்லாம் அவர் காதில் வாங்குகிற ஆள் இல்லை. நாணல் குழல் ஒன்றைக் கடைவாய்க்குள் விட்டு மூச்சுப் பிடித்து ஊதுவார். பல் காய வேண்டும். “ஈரப் பலகையிலியே கலப்பத்து நிக்காது, ஈரப் பல்லுல மட்டும் நிக்குமா?” என்று பிள்ளையைப் பெற்றவளிடம் எரிந்து விழுவார்.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம் அது. நீலமேகத்துக்குத் தொழில் கலப்பத்து. தோணிப் பலகைகளின் இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. கோட்டைக்குப்பத்திலிருந்து தோணிரேவு வரை அவர் கை படாத தோணி கிடையாது. விரலெல்லாம் கறை, பேச்செல்லாம் சண்டை. அவர் சிரித்துப் பார்த்ததாக அவர் பெண்சாதிகூடச் சொன்னதில்லை. ஆனால் யார் வீட்டுப் பிள்ளைக்கு முன்பல் ஆடுகிறது என்று கேட்டுப் பாருங்கள், பெற்றவளுக்கு முந்தி அவர் சொல்லிவிடுவார்.

முன்பல் விழுகிற வயதில்தான் பின்னால் ஒரு பெரிய பல் சத்தம் காட்டாமல் முளைக்கிறது. அதன் தலையில் பலகை இடுக்கு மாதிரியே கோடு கோடாகப் பள்ளம். துறைமுகத்தில் ஜாவாத் தீவின் படாவியாவிலிருந்து வரும் கப்பல் சர்க்கரை மூட்டை இறக்குகிற நாளெல்லாம் கிழிந்த மூட்டையடியில் பிள்ளைகள் கூட்டம்தான். நக்கித் தின்ற சர்க்கரை அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும். சொத்தை வருவதற்கு முன்பே பள்ளத்தை அடைத்துவிட்டால் போயிற்று என்பது நீலமேகத்தின் கட்சி.

எதை வைத்து அடைப்பது என்று அவர் பட்ட பாடு இருக்கிறதே! சோதனையெல்லாம் தன் வாயிலேயே. சுண்ணாம்பு வைத்துப் பார்த்தார், ஈறு வெந்து கஞ்சி குடிக்க முடியாமல் கிடந்தார். தேன்மெழுகு வைத்தார், சூடான குழம்பில் உருகி வயிற்றுக்குள் போய்விட்டது. வெறும் குங்கிலியம் ஒரு கருவாட்டுத் துண்டைக் கடித்ததும் பொடிந்தது. கடைசியில் குங்கிலியமும், கொஞ்சம் மெழுகும், மாவாக அரைத்த சிப்பிச் சாம்பலும் சேர்ந்த ஒரு கலவை நின்றது. மழைக்கு முன்னால் தோணிகளைப் பார்ப்பதோடு பிள்ளைகளின் வாயையும் பார்த்து, பெயர்ந்ததை மறுபடி அடைப்பார்.

இத்தனை வெறி சும்மா வரவில்லை. கலப்பத்துக்காரன் ஒருவனால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றை அவர் செய்திருந்தார். சொத்தைப் பல்லால் துடித்த தன் ஒரே மகன் பச்சைமுத்துவுக்கு, ஓட்டையை அடைத்தால் தீர்ந்தது என்று நினைத்து, உள்ளே சீழ் இருக்க மேலே இறுக்கி அடைத்துவிட்டார். தோணியில் ஓட்டையை அடைத்தால் கெட்டது வெளியே நிற்கும். இங்கே கெட்டது உள்ளேயே மாட்டிக்கொண்டது. முகம் பானையாக வீங்கிப் பையன் போய்விட்டான். அதன்பிறகு சொத்தை விழுந்த பல்லை நீலமேகம் தொட்டதே இல்லை. “வந்தப்புறம் கூட்டியாந்து என் உசுர வாங்காத. வர்றதுக்கு முன்னால கூட்டியா” என்பார்.

குப்பத்துப் பிள்ளைகளின் வாய் அப்படியொரு வாயாயிற்று. அவர்கள் இளித்துக்கொண்டு கரையில் ஓடினால் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பெருமையை மனுஷன் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன பஞ்சம் வந்தது. மழை பொய்த்தது. முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டது. ஏரி உப்பாகக் காய்ந்து மீனெல்லாம் செத்து ஒதுங்கியது. கடலில் துடுப்புப் போட ஒருவர் உடம்பிலும் தெம்பில்லை. எளாவூர்ப் பக்கத்திலிருந்து உழவுக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு துறைமுகத்துக்கு வந்தன, விற்பதற்கு. ஆமாம், விற்பதற்குத்தான். குப்பத்திலும் சில வீடுகள் அதற்குத் துணிந்தன. அடிமையாகப் போனாலும் அக்கரையில் எங்கேயாவது சோறு தின்று பிழைக்கட்டும் என்று பெற்றவர்களே கொண்டுவந்து விட்டார்கள். அவர்களைப் பொறுக்கிக் கப்பலேற்ற ஒரு தரகன் வந்திருந்தான்.

தரகன் முதலில் பார்த்தது பல்லை. கட்டைவிரலைக் கடைவாய் வரைக்கும் விட்டுத் தடவுவான். “பல்லு கெட்டது பாதிக் கடல்லியே செத்துப்பூடும்” என்று சொல்லி வேண்டாததைத் தள்ளிவிடுவான். எளாவூர்ப் பிள்ளைகளில் பாதியைத் தள்ளினான். கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளில் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை.

“இன்னாய்யா, இந்தக் குப்பத்துப் பசங்க வாய் மட்டும் இப்படிக் கீது?” என்று கேட்டான். யாரோ நீலமேகத்தைக் கை காட்டினார்கள். தரகன் கிட்டே வந்து அவர் தோளில் தட்டி, “கெட்டிக்கார வேலைக்காரன்யா நீ” என்றான்.

அன்றைக்கு நீலமேகம் சாப்பிடவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை; சாப்பிட அங்கே யாரிடமும் ஒன்றும் இல்லை. படகில் ஏற்றப்பட்ட பிள்ளைகளைக் கரையில் நின்று பார்த்தார். அவர்கள் வாயைப் பிளந்து அழுதார்கள். உள்ளே அவர் அடைத்த அடைப்பு அத்தனையும் அப்படியே இருந்தது. பாவி, நான்தானே பொறுக்கிக் கொடுத்தேன் என்று நெஞ்சில் அறைந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் வேலம்மா தன் மகள் கன்னியம்மாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வலை கட்டிப் பிழைக்கிற குடும்பம். அந்தப் பெண்ணுக்கு முன்பல் விழுந்து முளைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது.

“அண்ணே, எங்க வூட்டுக்காரரு இவள அனுப்ப ஒத்துக்கினாரு. பொழுது விடிஞ்சா தரகன் வரான். இவ பல்லப் புடுங்கிப் போடுண்ணே.”

“இன்னாம்மே பேசற? இது பால் பல்லா? போனா மொளைக்காது.”

“பொண்ணு போனா மொளைக்குமா?”

நீலமேகம் அந்தப் பெண்ணின் காய்ந்த முகத்தைப் பார்த்து, “இங்க இருந்தா மட்டும் சோறு எங்கேந்து வரும்?” என்றார்.

“செத்தா என் மடியில சாவட்டும்ணே. ஊரு பேரு தெரியாத எடத்துல வேணாம்.”

பழைய படகுகளில் ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்தார். “முன்னால ரெண்டு போதும். வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிடும்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. கன்னியம்மா மணலில் உட்கார்ந்து, வழக்கம்போல அவர் முழங்காலுக்கு நடுவே தலையைச் சாய்த்து, அவர் அதட்டுவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டாள். அவர் ஊதுவதற்குத் திறந்து திறந்து பழகிய வாய்.

பெண் போட்ட கூச்சலைவிட அவர் அழுத சத்தம் பெரிதாக இருந்தது. உப்புத் தண்ணீரைக் கொடுத்துக் கொப்புளிக்கச் சொன்னார். வேலம்மா முந்தானையை மகள் வாயில் வைத்து அழுத்தி, அவளை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால், வேலம்மாவுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் பிள்ளையும் கையுமாக நின்றிருந்தார்கள். நீலமேகம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரத்தம் ஊறிய மணலைக் கையால் வழித்து அப்பால் எறிந்தார். அடுத்த பிள்ளை உட்காருவதற்கு அந்த இடத்தைத் தட்டிச் சமமாக்கினார்.