காற்றுக் குழாயில் ஈரத்துண்டு

நம்பினால் நம்புங்கள். இது ஜோடனை இல்லை. 1935, கத்திரி வெயில். சின்ன காஞ்சிபுரத்தில் கோதண்டபாணியின் பட்டுச் சாயப்பட்டறையில், பட்டப்பகலில் நடந்தது.

பட்டறைக் கிணற்றில் தூர் வார முனிசாமி இறங்கியிருந்தான். பொல்லாத ஊற்று. மேலே டீசல் இஞ்சின் ஓயாமல் இறைத்தால்தான் உள்ளே ஆள் நிற்க முடியும். இஞ்சின் டிரைவர் ஆதிகேசவன் இந்தப் பட்டறைக்குப் புதுசு.

அந்த இஞ்சினின் எண்ணெய் பம்புக்குக் காற்றின் சூடு தெரியாது. அளந்த எண்ணெயைக் குருட்டாம்போக்கில் பீச்சும். வெயிலில் காற்று லேசாகிவிட்டால் எண்ணெய் மிஞ்சிக் கரும்புகை கக்கும். டிரைவர்தான் எண்ணெயைக் குறைக்க வேண்டும். இல்லையா, இஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாயில் ஈரத்துணி கட்டிக் காற்றைக் குளிர வைக்க வேண்டும்.

அன்றைக்கும் கரும்புகை கிளம்பியது. எண்ணெயைக் குறைத்தால் இறைப்பு குறையும். கிணற்று மேட்டில் நீலக்கரைத் துண்டு ஒன்று நனைந்து கிடந்தது. ஆதிகேசவன் அதை எடுத்துக் கட்டினான்.

"உன் துண்டு நல்லா உதவுதுபா, முனிசாமி!"

"யோவ் டிரைவரு, வெயில்ல கண்ணு அவிஞ்சிடுச்சா? என் செவப்புத் துண்டு என் தலையிலதான்யா இருக்குது!"

உச்சிப்பொழுது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

டப்... டப்... டப்...

கரும்புகை நின்றது. அப்புறம் வெள்ளையாக வந்தது. ஆதிகேசவன் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தான். உள்ளே போகும் காற்று பனிக்கட்டியாக இருந்தால்தான் வெள்ளைப் புகை வரும். ஈரத்துணிக்கு அவ்வளவு குளிர் ஏது?

எண்ணெய்ப் பிடியை நகர்த்தினான். முன்னே... பின்னே... ஒன்றும் பலிக்கவில்லை. குழாயைத் தொட்டான். விரல் விறைத்தது.

துண்டை இழுத்தான். வரவில்லை.

டப்... ட...

இஞ்சின் நின்றது.

"டிரைவரு! தண்ணி ஏறுதுபா!"

கயிற்றை வீசினான். "யாராவது ஓடியாங்கபா!"

யாரும் வரவில்லை.

"காலு வரல... சேறு புடிச்சிக்கினு இருக்குது... இழுபா!"

இழுத்தான். உள்ளங்கை கிழிந்தது. இழுத்தான்.

முதுகுப் பக்கம் ஏதோ சத்தம்...

திரும்பினான்.

இஞ்சின் செத்துக் கிடந்தது. காற்றை உறிஞ்ச எதுவுமில்லை. ஆனால் துண்டு...

உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே... வெளியே...

மூச்சு.

கயிறு லேசாயிற்று. கிணற்றில் சத்தமில்லை.

சொத்!

துண்டு தானாக அவிழ்ந்து விழுந்தது.

ஊரே கூடி முனிசாமியின் உடலை மேலே ஏற்றியது. நீலக்கரைத் துண்டைப் பார்த்ததும் கோதண்டபாணி இரண்டடி பின்வாங்கினார்.

"இது... காசிநாதன் துண்டுபா. போன வருசம் இதே கிணத்துல தூர் வாரப் போயி செத்தானே... அவன் தலையில கட்டியிருந்தது. உடம்பு கெடைச்சுது. துண்டு மட்டும் கெடைக்கல."

ஆதிகேசவன் முனிசாமியின் தலையைப் பார்த்தான்.

வெறுந்தலை.

கிணற்றை அடிவரை இறைத்துத் தேடினார்கள். சிவப்புத் துண்டு இன்றுவரை கிடைக்கவில்லை.