ஈக்களுக்காக அழுத பொங்கல்

மூன்று வருடத்துக்கு முன், பொங்கல் லீவு. அப்போது மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். என் வேலை பழ ஈ வளர்ப்பது. சிரிக்காதீர்கள்! பழ ஈ இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம்தான் வாழும். அது பிறந்து மூப்படைந்து சாவது வரை கண்ணெதிரே பார்த்துவிடலாம். தீனியைக் குறைத்தால் அதன் ஆயுசு கூடுகிறதா என்று தினமும் எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். லீவில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், பஞ்சடைத்த குப்பிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டே போடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அப்பா ஏலக்காய்த் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர். விடிகாலையில் போடிமெட்டு ஜீப்பில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். அன்று வந்தவர், வழக்கம்போல மருந்தில் நனைந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நேர் கீழே என் பெட்டி. காலையில் பார்த்தால் ஒரு ஈ மிச்சமில்லை, எல்லாம் குப்பிக்குள் மல்லாந்து கிடந்தன.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அறிவிருக்காப்பா? அந்தச் சட்டையக் கொண்டாந்து இங்கயா மாட்டுவீங்க?" என்று கத்தினேன். ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன்.

அப்பா மிரண்டுபோனார். "தெரியாமப் பண்ணிட்டேன் ஆத்தா. இனிமே வெளியவே கழட்டிப் போட்டுட்டு வர்றேன்" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மத்தியானம் அம்மா அந்தச் சட்டையை வெறுங்கையால் கசக்கிக்கொண்டே கேட்டார்: "ஏன்டி, பக்கத்துல மாட்டுனதுக்கே ஈ செத்துப்போச்சுங்கிற. அதப் போட்டுக்கிட்டுத் திரியிற மனுசன் என்னத்துக்கு ஆவாரு?"

திக்கென்றது. அந்த மருந்து ஈயின் நரம்பை எப்படி அடிக்கிறதோ, மனுஷனையும் அப்படித்தான். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். டீ கிளாஸைப் பிடிக்கையில் அப்பாவுக்குக் கை நடுங்கும். வயசாகிறது என்று நினைத்திருந்தேன். மூப்பைப் படிக்கிறவளாம் நான்!

அன்று சாயங்காலமே வேலையை விடச் சொல்லிக் கெஞ்சினேன். "மருந்தடிக்காம ஏலக்கா நிக்குமா? எனக்கு வேற என்ன சோலி தெரியும்?" என்று சிரித்தார். இன்றும் போகிறார். வாங்கிக் கொடுத்த முகமூடியை, சரிவில் ஏறினால் மூச்சு முட்டுகிறது என்று போடுவதில்லை.

நான் மறுபடி ஈ வளர்த்துப் பட்டமும் வாங்கிவிட்டேன். போன மாதம் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கை எப்போதிலிருந்து நடுங்குகிறது என்று டாக்டர் என்னிடம் கேட்டார். எந்தக் குப்பியில் எந்த ஈ எத்தனை நாள் வாழ்ந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அந்த வெட்கம் என்னை இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.