சுதி நிற்காத கிட்டார்

ஷில்லாங்கில் கிட்டார் வாசிக்கத் தெரியாதவனைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித் தேடினால் அகப்படுகிறவர்களில் நான் ஒருவன். அதனால்தான் என் கையில் இரண்டு குச்சியைக் கொடுத்து டிரம்ஸ் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். வாரம் முழுக்க டாக்சி ஓட்டுகிறேன், சனிக்கிழமை மத்தியானம் டிரம்ஸ் அடிக்கிறேன். நான் அடிக்கிற அழகுக்கு இரண்டிலும் சுதி சேர்க்கிற தொல்லை கிடையாது. அந்த நிம்மதியில்தான், கொங் லாசுபொன் தன் கிட்டாரோடு பட்ட பாட்டைப் பதினாறு வருடம் பக்கத்திலிருந்தே வேடிக்கை பார்த்தேன்.

கொங் என்றால் அக்கா. எனக்கு மட்டுமில்லை, பேட்டை முழுவதற்கும் அவள் அக்காதான். டாக்சி ஸ்டாண்டை ஒட்டி அவளுடைய குவாய்க் கடை. கடை என்ன கடை, நாலு பலகையும் ஒரு தகரமும். அதற்குள் வெற்றிலை அடுக்கு, ஈரப்பாக்கு, பாக்கு நறுக்கும் கத்தி, சுண்ணாம்பு டப்பா, நடுவில் கொங். காலையில் குவாய் போடாமல் எங்களில் எவனுக்கும் வண்டி ஓடாது. வெற்றிலையில் கட்டைவிரலால் சுண்ணாம்பை ஒரு இழுப்பு இழுத்து, மடித்து, பாக்கோடு சேர்த்து நீட்ட அவளுக்கு மூச்சு விடுகிற நேரம் போதும். ஆள் வராத நேரத்தில், பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அவள் வாசிக்க ஆரம்பித்தால், ஸ்டாண்டில் முதல் வண்டிக்காரன் தன் சவாரியை இரண்டாவது வண்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நின்று கேட்பான். நானே விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

கரும்பச்சை நிறக் கிட்டார் அது. பெங்களூருக்கு வேலைக்குப் போன ஒருவன் விற்றுவிட்டுப் போனது. அவனிடம் இரண்டு இருந்தன. ஒன்றில், கம்பிகள் முடிகிற இடத்தில் ஒரு கைப்பிடி. அதை அமுக்கினால் பிரிட்ஜே ஆடி, சுரம் வளைந்து அழும். இன்னொன்றின் பிரிட்ஜ் மரத்தோடு திருகி இறுக்கிய தகடு, அசையாது. கொங் இரண்டாவதை எடுத்தாள்.

"ஆடுறது எனக்கு வேணாம். ஆடுறதுக்கு எங்க வீட்ல நாலு நாக்காலி இருக்கு," என்றாளாம்.

பிரிட்ஜ் அசையாவிட்டால் சுதியும் அசையக் கூடாது என்பது அவள் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் அந்தக் கிட்டாருக்கு நியாயம் எட்டவில்லை. மூன்றாவது கம்பியை விரலால் தள்ளி வளைத்து ஒரு சுரத்தைப் பாட வைப்பாள், கேட்கிறவன் உருகிப்போவான். விரலை எடுத்ததும் கம்பி பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஒரு இழை கீழேயே நின்றுவிடும். அடுத்த வரியில் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். பாட்டை நிறுத்திவிட்டு முறுக்குவாள். போன வருடப் பேட்டை விழாவில் அவள் அப்படி முறுக்கிக்கொண்டிருந்ததை ஒரு தனிப் பாட்டென்று நினைத்து முன்வரிசை கைதட்டிவிட்டது. கொங்கும் வேறு வழியில்லாமல் தலைவணங்கினாள்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான், கொங், பா ஷான்போர். பா என்பது அண்ணனுக்கு. ஐம்பத்துமூன்று வயது, அரிசிக் கடைக்காரர், பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். இளவயதில் அவர் குரலைக் கேட்கப் பக்கத்துப் பேட்டையிலிருந்து பெண்கள் வந்தார்கள் என்பது அவரே சொன்ன தகவல்.

இந்த வருட விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பேட்டைத் தலைவர் பா ஸ்டார்வெல் குவாய் வாங்க வந்தார். வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"லாசு, இந்த வருஷம் பள்ளிக்கூடக் கூரைக்காக விழா நடத்துறோம். வெளிப்பேட்டைக்காரங்கல்லாம் வருவாங்க. நீ பாட்டுக்கு நடுவுல நின்னு முறுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கு?"

"இந்தத் தடவை நிக்கும், பா."

"இதைத்தான் ஏழு வருஷமா சொல்ற. இந்தத் தடவையும் சுதி போச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து டேமியன் வாசிக்கட்டும். ஷான்போர்கிட்டயும் சொல்லிட்டேன்."

டேமியன் மேல்தெருப் பையன், இருபத்திரண்டு வயது. கொங்குக்குச் சுருக்கென்றது.

"டேமியனா? அவன் கிட்டார்ல பிரிட்ஜே ஆடுதே."

"ஆடினாலும் சுதி நிக்குதே," என்று ஒரே போடாகப் போட்டார் ஸ்டார்வெல். போட்டுவிட்டு, இன்னொரு குவாய்க்குக் கையை நீட்டினார். கொங் அதில் சுண்ணாம்பைத் தாராளமாகவே இழுத்தாள். அன்று முழுக்க அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன், வெந்துபோயிருக்கும்.

சாயங்காலம் அவளை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இறங்குகிற இடத்தில் சொன்னாள்:

"பன்ஷாய், வருஷம் பூரா பாக்கு நறுக்குறேன்ல. அந்த மேடையில ஒரு மணி நேரம் நிக்கிறேன் பாரு, அதுக்காகத்தான் மத்த நாளெல்லாம் எனக்கு அலுக்காம ஓடுது. அதையும் எடுத்துட்டாங்கன்னா நான் என்ன செய்வேன்?"

"எடுக்க மாட்டாங்க, கொங்," என்று சொல்லிவைத்தேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த இரண்டு வாரம் அந்தக் கிட்டாருக்கு நடந்த வைத்தியம் மனிதனுக்கு நடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். முதலில் முறுக்குகிற சாவிகள்மேல் சந்தேகம் வந்தது. ஆறையும் கழற்றிப் புதிது போட்டாள். நோய் போகவில்லை. கம்பிகள் பழசு என்றாள், புதிது மாட்டினாள். மழைதான் காரணம் என்று யாரோ சொன்னார்கள். கிட்டாரைக் கம்பளிச் சால்வையில் சுற்றி வைத்தாள். அவள் கணவர் மார்புட், வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி இருக்கிற மனிதர், தான் போர்த்திக்கொள்ள அந்தச் சால்வை கிடைக்காமல் தும்மிக்கொண்டே திரிந்தார். கடைசியில் பழி என்மேல் வந்தது.

"நீ இடி இடிக்கிற மாதிரி அடிக்கிற. அந்த அதிர்வுலதான் கம்பி நழுவுது."

"அப்ப கடையில தனியா வாசிக்கும்போது ஏன் நழுவுது?"

"நீ ஸ்டாண்டுல ஹார்ன் அடிக்கிறல்ல."

விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. கொட்டுகிற மழை, சவாரி இல்லை, கடையில் ஆளில்லை. நான் தகரத்துக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தேன். கொங் மூன்றாவது கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். சாவி திரும்புகிறது, சுரம் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்புகிறது, ஏறவில்லை. திடீரென்று 'டிக்' என்று ஒரு சத்தம், சுரம் வேண்டிய இடத்தைத் தாண்டிக் குதித்தது. இந்த டிக் சத்தத்தைப் பதினாறு வருடமாகக் கேட்கிறோம். அன்று மழையில் தெரு அடங்கிக் கிடந்ததாலோ என்னவோ, அவள் கை நின்றுவிட்டது.

"நீ சாவியத் திருப்பு," என்று என்னிடம் கொடுத்துவிட்டு, கிட்டாரின் கழுத்தில் காதை வைத்தாள். திருப்பினேன். டிக்.

"சாவியில இல்லடா. இங்க."

கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தாள். அங்கே ஒரு சின்ன எலும்புத் துண்டு பதித்திருக்கும். அதில் ஆறு பள்ளம், ஆறு கம்பியும் அதில் படுத்துத்தான் சாவிக்குப் போக வேண்டும். கம்பி அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. வளைத்தால் வழுக்கி வருகிறது, விட்டால் திரும்பிப் போக வழியில்லை. சாவியையும் மழையையும் என்னையும் திட்டியதெல்லாம் வீண். கம்பியைத் தளர்த்தித் தூக்கிவிட்டு, தோளில் ஜைன்செம் துணியைப் பிடித்திருந்த ஊசியை உருவிப் பள்ளத்தைச் சுரண்டினாள். வெள்ளையாக ஒரு செதில் உதிர்ந்தது.

"எலும்புதான் தேயுது," என்றேன் பெரிய நிபுணன் மாதிரி.

அவள் அந்தச் செதிலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"எலும்பாவது ஒண்ணாவது. சுண்ணாம்புடா இது. என் டப்பா சுண்ணாம்பு. சோராவிலேர்ந்து வர்ற சரக்கு, எனக்கா தெரியாது?"

ஒவ்வொரு முறை கம்பி மாற்றும்போதும் கட்டைவிரலால் அழுத்தித்தான் அதைப் பள்ளத்தில் உட்கார வைப்பாள். வெற்றிலையில் சுண்ணாம்பு இழுக்கிற அதே கட்டைவிரல். வெள்ளை எலும்பில் வெள்ளைச் சுண்ணாம்பு, காய்ந்து கல்லாகிக் கிடந்தால் எவன் கண்ணுக்குத் தெரியும்? இந்த உலகத்தில் எத்தனையோ கோடிக் கிட்டார்கள் இருக்கும், இந்த நோய் எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் வராது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் முறைப்பாள் என்று பார்த்தால், அவளும் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

பிறகு ஆறு பள்ளத்தையும் ஊசியால் நோண்டி, நூலை விட்டு இழுத்துத் துடைத்தாள். பென்சிலைச் சீவி, அந்தக் கரித்தூளைப் பள்ளங்களில் தேய்த்தாள், கம்பி வழுக்கிப் போக. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய கையோடு புதுக் கம்பி மாட்டினாள்; சாவித் தண்டில் மூன்றே சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துத் தளர வைத்து, மறுபடி சுதிக்கு ஏற்றி, இனி இழுத்தாலும் இறங்காது என்கிற வரை விடவில்லை. கடைசியாக மூன்றாவது கம்பியை வளைத்து விட்டாள். திரும்பி வந்து சரியான இடத்தில் நின்றது. இருபது தரம் வளைத்தாள். இருபது தரமும் நின்றது. கண் கலங்கிவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

அந்த ஆறு நாளும் கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவல்தான். நடுவில் குவாய் கேட்டு வந்தவர்களை, "பாட்டு முடியட்டும்," என்று நிற்க வைத்தாள். வியாபாரம் படுத்தது, அவள் பொருட்படுத்தவில்லை.

விழா சனிக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில். ஒரு பக்கம் எள்ளுப் போட்ட பன்றிக்கறி கொதிக்கிறது, இன்னொரு பக்கம் ஜாதோச் சோற்றுக்கு வரிசை நிற்கிறது, நடுவில் எங்கள் மேடை. பந்தல்காலில் சாய்ந்தபடி டேமியன், தோளில் தன் கிட்டாரோடு. அவனை வரச் சொன்னது ஸ்டார்வெல்தான்.

முதல் பாட்டு முடிந்தது, சுதி நின்றது. இரண்டாவதிலும் நின்றது. கொங் கம்பியைத் தயங்காமல் வளைத்தாள். மூன்றாவது, மெதுவான பாட்டு. உச்சியில் ஒரு வரி வரும். அங்கே, சோற்றில் அதே கல்.

கூட்டம் மொத்தமும் பழக்கத்தில் கொங்கைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அவள் கம்பிகளை ஒரு முறை மெல்ல மீட்டினாள், பிசிறில்லை. அடுத்த முறை அந்த வரி வந்தபோது நான் குச்சியை அடக்கி வைத்துக்கொண்டு கேட்டேன். கிட்டாரும் பேஸும் ஒன்றாக நிற்கின்றன. கீழே கிடப்பது பா ஷான்போரின் குரல். இத்தனை வருடம் அந்த இடத்தில் இரண்டும் இறங்கும், பழி கிட்டாருக்குப் போகும்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் ஷான்போர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையில் சிவப்புத் தேநீர், குடிக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொங் ஒரு நிமிடம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டாரைத் தூக்கி, நன்றாக நின்றுகொண்டிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்டார்வெல் வந்தார்.

"மறுபடியும் போச்சா?"

"ஆமா, பா. கொஞ்சம் சரி பண்ணணும். பத்து நிமிஷம் குடுங்க," என்றாள் கொங்.

நான் வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்று ஸ்டார்வெல் டேமியன் பக்கம் திரும்பினார்.

கொங் காதில் வாங்காதவள் போல ஷான்போரிடம் கையை நீட்டினாள். "உங்க பேஸையும் குடுங்க. அரைக்கட்டை இறக்கிடுறேன்."

"அரைக்கட்டையா? எதுக்கு?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. சுதியே இறங்கினால் அந்த உச்சி தனக்கு எட்டும் என்று ஷான்போருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. தேநீரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஸ்டார்வெல், நில்லு. கிட்டார் நல்லாத்தான் இருக்கு. போனது என் தொண்டை."

"என்ன சொல்ற?"

"அஞ்சு வருஷமா அந்த உச்சி எனக்கு எட்டல. இவ சுதி போகும்போதெல்லாம், அப்பாடா, நம்ம குரலை யாரும் கவனிக்கலைன்னு எனக்குள்ள ஒரு நிம்மதி. அது தப்பு. இவளை மாத்துறதுன்னா முதல்ல என்னை மாத்து."

ஸ்டார்வெல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டேமியன், உனக்குப் பாட வருமா?" என்றார்.

"வராது, பா," என்றான் டேமியன். கொங் மாதிரி சுதியை இறக்கவும் அவனால் ஆகாது; அவன் கிட்டாரில் ஒரு கம்பியை இறக்கினால் பிரிட்ஜ் ஆடி மற்ற ஐந்தும் ஏறிக்கொள்ளும். ஆறையும் இறக்கி நிறுத்துவதற்குள் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். அவனே வாயைப் பிளந்துகொண்டு கொங்கின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அசையாத பிரிட்ஜில் அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு கம்பியையும் வேண்டியதற்குச் சற்றுக் கீழே இறக்கி, கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தினாள். ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். மறுபடி ஒரு சுற்று வந்தாள். பேஸையும் அப்படியே முடித்துக் கொடுத்தாள்.

"அப்ப சரி, சீக்கிரம் ஏறுங்க. கறி தீந்துச்சுன்னா கூட்டம் கலைஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு ஸ்டார்வெல் நழுவினார்.

இரண்டாம் பாதியில் அந்த மெதுவான பாட்டைக் கொங் மறுபடியும் எடுத்தாள். உச்சி வரி வந்தது. ஷான்போர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார், எட்டிப் பிடித்தார், பிடித்ததை விடாமல் வைத்திருந்தார். கறி வரிசையில் நின்றவர்கள் தட்டோடு மேடைப் பக்கம் வந்துவிட்டார்கள். நான் எங்கே அடித்தேன், என்ன அடித்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

கைதட்டல் அடங்குகிற வரை காத்திருந்து ஷான்போர் மைக்கை விட்டுத் தள்ளி வந்தார்.

"லாசு, இனிமே எப்பவும் இப்படியே வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம், பா," என்றாள் கொங். "வெளியில யாராவது கேட்டா, கிட்டாருக்கு வயசாயிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."