அழகான நிறம் மட்டும் வரவேண்டும்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயம், பெங்களூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எனக்கு ஆறு மாத சோதனைக் காலம். வேலை நிரந்தரமானால்தான் தங்கையைக் கல்லூரியில் சேர்ப்பது என்று அதே ஊரில் ஒக்கலிபுரத்திலிருந்த எங்கள் வீட்டில் அப்பா சொல்லிவிட்டார். நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் என் மேனேஜர்.

விற்பனைக் கணக்கைக் காட்டும் வரைபடங்களுக்குத் தானாகவே நிறம் எடுத்துத் தரும் நிரல் ஒன்றை, லைப்ரரி என்பார்கள், எழுதச் சொன்னார். "ராண்டமா வரணும்ப்பா. ஆனா அழகா மட்டும்தான் வரணும்."

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கண்டபடி குலுக்கினால் சேறும் சாணமும்தான் வந்தன. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, எந்த நிறம் என்பதை மட்டும் குலுக்கலுக்கு விட்டேன். அடர்த்தியையும் வெளிச்சத்தையும் ஓர் அளவுக்குள் கட்டிப்போட்டேன். திரை பளிச்சென்று ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் ஆபீசில் எதையும் நாலு பேரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது வழக்கம்.

"நவம்பர்ல ராஜ்யோத்சவம் வருது. மஞ்சளும் செவப்பும் கன்னடக் கொடி, தனித்தனியா வெச்சா எவனாவது கேப்பான். ரெண்டையும் எடுத்துடு" என்றார் மேனேஜர். கம்பெனியில் கன்னடக்காரர் ஆறு பேர். ஒருவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

குழந்தை இயேசு கோயில் இருக்கும் விவேக் நகரிலிருந்து வரும் கணக்குப் பிரிவு மேடம், "ஊதா தவக்காலத்துக்கு உள்ளது தம்பி, விற்பனைக் கணக்குக்கு எதுக்கு?" என்றார். பச்சையும் காவியும் கட்சிக் கொடி என்று விற்பனைப் பிரிவுக்காரர் தள்ளினார். ரோஸ் ஆபீசுக்கு லட்சணமில்லையாம். என் நிரல் இருபது வரி, அவர்களுடைய தடைகள் அறுபது வரி. ஒன்றுக்காவது நான் வாய் திறக்கவேண்டுமே! "சரிங்க சார், சரிங்க மேடம்" என்று பூம்பூம் மாடாக நின்றேன். தலையாட்டுகிறவனைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு.

வாடிக்கையாளர் வந்தார். ஏழு கிளைகளின் விற்பனை வட்டமாகத் திரையில் விரிந்தது. ஏழு துண்டும் நீலம்.

"இதில் எது எந்தக் கிளை?" என்று கேட்டார் அவர்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "என்னப்பா பண்ணி வெச்சிருக்க?"

மறுவாரம் கடிதம் வந்தது. சோதனைக் காலம் மேலும் ஆறு மாதம். காரணம்: சொந்தமாக முடிவெடுக்கும் திறன் போதவில்லை. கிழித்துப் போடலாம் என்றுதான் தோன்றியது. எழுதியிருந்தது உண்மையாக இருந்து தொலைத்தது. கல்லூரியில் சேர்க்கை அந்த மாதமே முடிந்தது. தங்கைக்கு ஒரு வருடம் போனது.