மாற்றிக்கொண்ட நான்கு சில்லுகள்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் பெட்ரோல் அடிக்கிறேன். கார் வானொலி நாளைய வானிலையைச் சொல்கிறது: டென்மார்க்கில் மழை, நோர்வே மலைகளில் பனிப்பொழிவு. நோர்வேயில் இருக்கும் அக்காவிடம்தான் இன்றைய கப்பலில் போகிறேன். பக்கத்தில் நிற்கும் தமிழரிடம் அதைச் சொன்னதும் அவர் குனிந்து என் காரைப் பார்க்கிறார்.

“தம்பி, இது கோடை ரயர் எல்லோ! மலையிலை வழுக்கிப்போடும்.”

நான் இருக்கும் ஒடென்சேயில் வெறும் மழைதானே என்று குளிர்கால ரயருக்கு மாற்றவேயில்லை. இன்று ஞாயிறு, கராஜ்கள் பூட்டு.

“என்ரையும் இதே கார்தான். வீட்டை வாங்கோ.”

வீட்டு வாசலில் தன் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதன் குளிர்காலச் சில்லுகளைக் கழற்றி என் காருக்குப் பூட்டுகிறார். இருவரும் தொப்பலாக நனைகிறோம்.

“அண்ணை, உங்களுக்கு?”

“உங்கடை கிடக்குத்தானே. நான் வேலைக்கு மட்டும்தான் ஓடுறனான். திரும்பி வரேக்கை மாத்துவம். கப்பலுக்கு நேரமாச்சு, வெளிக்கிடுங்கோ.”

தெருமுனையில் காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறேன். அதே மழையில் குந்தியிருந்து, என் சில்லைத் தன் காருக்குப் பூட்டுகிறார்.